ஆத்துமேட்டுத் தோட்டத்தின் பெரட்டு

அநியாயங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் அநியாயம் செய்தவன் அந்த இடைவெளியில் நுழைந்து தப்பித்துக்கொள்வான். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை, தொழிற்சங்கத்து நோட்டீசுகளைப் படித்தும் எழுதியும் நானாகக் கற்றுக்கொண்டேன். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது அநியாயம், மூன்று வருஷத்தில் ஊர் திரும்பலாம் என்று கங்காணி சொன்னதை நம்பி என் அப்பன் காத்தான் மலாயாவுக்குக் கப்பலேறியது. அவர் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற பால்மரம் வெட்டு வேலை பார்த்து, பால்மரத்தடியிலேயே விழுந்து செத்தார். இரண்டாவது, சப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்த அன்று வெள்ளைக்காரத் துரை தன் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு, எங்கள் அரிசி இருந்த ஸ்டோரைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது, நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமைப் பெரட்டில் நடந்தது. பெரட்டு என்றால், விடியும் முன்னால் எங்களை வரிசையில் நிறுத்தித் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், நாங்கள் "இருக்கேன்" என்று சொல்வோம், சொன்னவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அந்தப் பெரட்டில் சப்பான்காரன் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இருக்கேன்" என்று சொன்ன அத்தனை பேரையும், மூன்று மாத வேலைதான் என்று சொல்லி, சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனான். நான்காவது, சண்டை முடிந்து பெரிய பெரிய நீதிமன்றங்கள் கூடியபோது, அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் எலும்பை எண்ணியவர்கள் எங்கள் எலும்பை எண்ண ஆள் அனுப்பாதது. ஐந்தாவது, திரும்பி வந்த துரை புதிதாக ஒரு பெரட்டுப் புத்தகம் வாங்கி, போனவர்கள் பிறக்கவே இல்லை என்பதுபோல முதல் பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கியது. ஆறாவது, அதை நோட்டீசு அடித்துக் கேட்ட என்னை அவசரகாலச் சட்டத்தில் இரண்டு வருஷம் கம்பிக்குள் வைத்தது. ஏழாவது, வெளியே வந்து முப்பத்து நான்கு வருஷம், உலகத்தில் நீதி என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக, "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று அச்சடித்த ஒரே ஓர் அட்டை வந்தது.

எட்டாவது, எண்பத்து நான்காம் வருஷம் மார்ச் மாதத்தில் செத்தவர்கள் பெரட்டுக்கு வந்து தைலிக்குப் பதில் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை.

தைலி யாரென்று சொல்லிவிடுகிறேன். சயாமுக்குப் போன எங்கள் ஆத்துமேட்டுத் தோட்டத்துக்காரர்களில் திரும்பி வந்தது அவள் ஒருத்திதான். போனபோது பதினான்கு வயது, வந்தபோது பதினாறு, தலையில் முடி இல்லை. வந்த மறுநாளே வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனாள். அன்றிலிருந்து ஒரு கூட்டத்துக்கு வந்ததில்லை, ஒரு ஊர்வலத்தில் நடந்ததில்லை, நான் அச்சடித்துக் கொடுத்த நோட்டீசில் கருவாடு மடித்து வைத்துக்கொள்வாள். வந்து சாட்சி சொல் என்று முப்பது முறையாவது அவள் வாசலில் நின்றிருப்பேன். முப்பது முறையும் பசியாறிட்டுப் போங்கண்ணே என்று டீயும் ரொட்டியும் வைத்தாளே தவிர, அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

நானோ சைக்கிளை மிதித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய், கண் தெரியாத கிழவிகளிடமும் குடித்துவிட்டு அழுகிற கிழவர்களிடமும் கேட்டுக் கேட்டு, அப்பன் பெயரோடு, வீட்டு நம்பரோடு, போய்த் திரும்பாத இருநூற்றுப் பதினாறு பேரின் பட்டியலை எழுதி முடித்தவன். அதற்கு எனக்கு அருகதை உண்டு என்று தோட்டம் நம்பியது. ஏனென்றால் அந்தத் திங்கட்கிழமை லாரியில் ஏற்றப்பட்டு, மரப்பாலத்துப் பக்கம் குதித்துத் தப்பியவன் நான். சங்க மேடைகளில் என்னை "லாரியில் குதித்த தோழர் அறவாழி" என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அறவாழி நானே வைத்துக்கொண்ட பெயர். அப்பன் வைத்த மருதை என்ற பெயர் அடிமைப் புத்தகத்தில் ஏறிய பெயர் என்று சொல்லி, சண்டை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டேன்.

அந்த மார்ச் மாதத்தில் நாணு கிராணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரும் மிளகும் குடித்தும் சத்தம் வரவில்லை. பெரட்டுக்குப் பெயர் கூப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று வேலை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டபோது, மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் பொறுக்குகிறவர்களின் வரிசைக் கடைசியில் நின்ற தைலி, புத்தகம் வேண்டாம், எனக்கு எல்லார் பேரும் தெரியும் என்று முன்னால் வந்தாள். உயிரோடு இருந்த நூற்று நாற்பது பேரையும் ஒரு பெயர் பிசகாமல் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடித்ததும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, சண்டைக்கு முந்திய பழைய லயத்தின் முதல் வீட்டில் இருந்து தொடங்கி, ராமன் மகன் தங்கையா என்றாள்.

"இருக்கேன்" என்று பதில் வந்தது.

வரிசையில் தங்கையா நிற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சயாமில் காலராவில் செத்தவன் எங்கிருந்து நிற்பான். ஆனால் குரல் வந்தது, வெற்றிலை குதப்பிய வாயோடு, கொஞ்சம் சலிப்போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு என்கிற மாதிரி. தைலி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவனும் பதில் சொன்னான். இப்படி வீடு வீடாக, கதவு கதவாக, கொசுவும் பனியும் மொய்க்கிற அந்தக் கருக்கலில், செத்தவர்கள் ஒவ்வொருவராக இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள், உயிரோடிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இருநூற்றுப் பதினாறு பேரும் முடிந்ததும் மண்டோர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பால் இறங்குகிற நேரம் போகுது, எல்லாரும் மரத்துக்குப் போங்க என்றார். போனார்கள்.

ஒரு அதிசயம் வந்தால் அதற்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் பெரட்டில் வரிசைகளுக்கு நடுவே தாமாகவே ஆள் நிற்கிற அளவுக்குச் சந்து விட்டு நின்றார்கள். மூன்றாம் நாள் யாரோ அந்தச் சந்துகளில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். தொண்டை சரியாகி வந்த நாணு கிராணி, பதில் சொன்னவனுக்கு ஆஜர் போட வேண்டுமா, போட்டால் எந்த மரவரிசையை ஒதுக்குவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தார். மேனேஜர், அனுமதி இல்லாதவர்கள் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஒரு அறிவிப்பை ஒட்டினார். யாருக்கு அந்த அறிவிப்பு என்று எழுதவில்லை. விசாரிக்க வந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் முதல் நாள் நோட்டில் எழுதினார், இரண்டாம் நாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், அப்புறம் விடுமுறை நாளிலும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அன்றைக்குச் செத்தவர்களும் வரவில்லை. மழைக்குப் பெரட்டு கலைந்தால் அவர்களும் கலைந்தார்கள். அவர்கள் இருக்கேன் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. தங்கையாவின் பெண்டாட்டி செவந்தி, அவன் வராமல் போகவே நாற்பத்தேழில் முனுசாமியைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளை பெற்றவள், தங்கையாவின் குரல் வந்த நாளில் இருந்து பெரட்டில் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். முனுசாமி என்னிடம் வந்து புலம்பினான்.

"எம் பேரக் கூப்பிட்டா தலைய நிமித்த மாட்டேங்குறா தோழரே. அவன் பேரக் கூப்பிட்டா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா. முப்பத்தேழு வருசம் சோறு போட்டவன் நானு."

நான் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அவனைவிட மோசமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்தெல்லாம் லாரி பிடித்து வந்தார்கள். பினாங்கில் இருந்து பத்திரிகைக்காரன் வந்தான். என் நோட்டீசை நான்கு வரியாகக்கூடப் போடாத அதே பத்திரிகை, எண்ணெய் வைக்காத தலையோடு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற தைலியின் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. நாற்பது வருஷம் நான் கூப்பிட்டேன். மேடை போட்டுக் கூப்பிட்டேன், ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டேன், சிறையில் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒருத்தன் ஒரு செருமல் காட்டியதில்லை. படிக்கத் தெரியாத, கொடி பிடிக்காத, கருவாடு மடிக்கிற ஒருத்தி ஒரு தடவை கூப்பிட்டாள், ஓடி வந்துவிட்டார்கள். செத்த பிறகும் எங்கள் சனத்துக்கு யாரிடம் நன்றியாக இருப்பது என்று தெரியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, கூப்பிடும் முறையில் ஒழுங்கு வேண்டும், பட்டியல் என்னிடம் இருக்கிறது, நான் படிக்கிறேன் என்று சொல்லி முன்னால் போய் நின்றேன். தைலி ஒதுங்கினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ராமன் மகன் தங்கையா என்று படித்தேன். சேவல் கூவியது. இரண்டாவது பெயரைப் படித்தேன். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பத்துப் பெயர் படித்ததும் பின்னால் இருந்து ஒரு கிழவர், மேடைக் குரல் தோழரே, கை தட்டணும்னு நெனச்சுப் பயந்திருப்பாங்க என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். தைலி அதே இடத்தில் நின்று, அதே பெயரை, தண்ணீர் மொண்டு வைக்கிற மாதிரி சொன்னாள். தங்கையா பதில் சொன்னான்.

ஆனால் நான் அந்தப் பெரட்டுக்குப் போகாமல் இருக்க முடியாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. இருநூற்றுப் பதினாறு பேரும் பதில் சொல்லி முடித்த பிறகு, தினமும் ஒரு இருமல் கேட்கும். யாரும் கூப்பிடாத ஒருவன், தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டு, பொறுக்க முடியாமல் இருமுகிற இருமல். அது என்ன என்று மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது யாரென்று தெரியும். சின்ன வயதில் இருந்து ஒரே பாயில் படுத்துக் கேட்ட இருமல் அது. என் தம்பி சோலையின் இருமல்.

சோலையைப் பற்றித் தோட்டத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அண்ணனைச் சப்பான்காரன் லாரியில் ஏற்றிய அன்று, பயந்துபோன தம்பி ஊரைவிட்டே ஓடிவிட்டான். அந்தக் காலத்துக் கிராணி அப்படித்தான் எழுதினார். பெயருக்கு நேரே, ஓடிப்போனான். நான் அந்த இருமலுக்கு அருகில் போய் நின்று, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காமல், சோலை, சோலை என்று வாய்க்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. இருமினான்.

மே மாதம் ஒரு கடிதம் வந்தது. நாற்பது வருஷமாக நான் எதிர்பார்த்த கடிதம், கனமான தாளில், வெளிநாட்டு முத்திரையோடு வந்தது. ஆனால் அது தைலிக்கு வந்திருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாததால் என்னிடம் எடுத்து வந்தாள். அதை நானே பிரித்து, நானே தமிழாக்கி, நானே அவளுக்குச் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. நீதிமன்றங்கள் கைவிட்ட கொலைகளைக் கேட்டுப் பதிவு செய்கிற உலக மக்கள் விசாரணை ஒன்று நடக்கிறது, அதன் தலைவர் ரிவ்கா ஹால்பர்ன் என்ற அம்மையார் உங்கள் பெரட்டைக் கேட்க ஜூன் மாதம் நேரில் வருகிறார், அன்று சாட்சிகள் முன்னால் வாசிக்கப்படும் பெயர்கள் மட்டும் பதிவில் ஏறும், அதன் பிறகு பதிவு மூடப்படும் என்று இருந்தது. அம்மையார் தம் பதினைந்தாம் வயதில் ஐரோப்பாவில் யூதர்களை அடைத்து அழித்த முகாமில் இருந்து உயிரோடு வந்தவர் என்றும் அடியில் ஒரு வரி இருந்தது.

"மூடிடுவாங்களாண்ணே?" என்று தைலி கேட்டாள்.

"மூடிடுவாங்க."

"அப்ப இருமுற ஆளு?"

நான் கடிதத்தை மடித்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் முப்பது முறை கேட்டுச் சொல்லாததை அன்றைக்குக் கேட்காமலே சொன்னாள். சயாம் முகாமிலும் பெரட்டு உண்டு, பதில் சொன்னவனுக்குத்தான் சோறு. காலரா வந்த மாதத்தில் ராத்திரி செத்தவர்களின் பெயரைக் காலையில் கூப்பிடும்போது, வரிசைக்குப் பின்னால் இருந்து அவள் குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு இருக்கேன் என்பாள். சப்பான்காரனுக்கு எங்கள் குரலெல்லாம் ஒரே குரல். வாங்கிய சோற்றைச் சாகக் கிடந்தவர்களுக்கு ஊட்டினாள், மிச்சத்தைத் தானும் தின்றாள். ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வந்தார்கள், ஒவ்வொருவருக்காகவும் அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள், கடைசியில் முழுப் பெரட்டுக்கும் அவள் ஒருத்தியே பதிலாக நின்றாள்.

"செத்தவுங்க சோத்தத் தின்னு வந்தவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க மேடையில ஏறுறது? அவுங்க வாயில வர வேண்டிய சொல்ல நான் சொல்லிட்டேன். இப்ப அவுங்க சொல்லிக்கிறாங்க. வேறொண்ணுமில்ல."

இதுதான் ரகசியமா என்று என் வயிறு இன்னும் எரிந்தது. அவள் அவர்களுக்குப் பதிலாக நின்றிருக்கிறாள், நான் அவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இரண்டும் ஒன்றல்ல என்று புரிந்தது. புரிந்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

"இருமுற ஆளோட பேரு உனக்குத் தெரியுமே. நீயே கூப்பிட வேண்டியதுதானே" என்றேன்.

"எப்படிண்ணே கூப்பிடுறது. அந்தப் பேருக்காரர் உசுரோட முன்னால நிக்கிறாரே. செத்தவுங்க வரிசையில உங்க பேரச் சொல்ல எனக்கு நாக்கு வரல." என் கையில் இருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு, "சோலை கடைசி வரைக்கும் அந்தப் பேரத்தான் சொல்லுச்சு. அது போன பொறவு எட்டு நாளு மருதைக்கும் நான் சோறு வாங்கினேன்" என்றாள்.

என் பெயருக்கு விழுந்த சோற்றைத் தின்று அவள் உயிரோடு வந்திருக்கிறாள்.

அநியாயங்களை வரிசையாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன். அது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் வர வேண்டியது. எங்கள் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு: ஒருவன் பெரட்டுக்குப் பிந்தினால், அரை நாள் கூலி போகாமல் இருக்க, கூடப் பிறந்தவனோ கூட்டாளியோ அவன் பெயருக்கு இருக்கேன் என்று சொல்லிவிடுவான். கருக்கலில் கிராணி முகத்தைப் பார்க்கமாட்டார். சோலையும் நானும் வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படிச் செய்வோம். எனக்காகச் சொல்லும்போது அவன் குரலைத் தடிக்க வைத்துக்கொள்வான். அந்தத் திங்கட்கிழமை லாரிச் சத்தம் கேட்டதும் நான் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குள் ஒளிந்துகொண்டேன். அண்ணன் தூங்கிவிட்டான் என்று அவன் நினைத்தான். காத்தான் மகன் மருதை என்று கூப்பிட்டார்கள். இருக்கேன் என்று தடித்த குரலில் சொன்னான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், பத்து அடிகூட இல்லாத தூரத்தில், புகைவாடைக்குள் நான் அதைக் கேட்டேன். அவன் தன் பெயர் வரும்போது பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் அவனை லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் வெளியே வரவில்லை. எந்த லாரியில் இருந்தும் நான் குதிக்கவில்லை.

ரிவ்கா அம்மா ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை விடியும் முன்னால் வந்தார். கூடவே மொழிபெயர்க்க வழக்கறிஞர் புஷ்பராணி வந்தாள். குள்ளமான பெண்மணி ரிவ்கா அம்மா, ஆண்பிள்ளைச் செருப்பு, கையில் ஒரு தடித்த புத்தகம். முழங்கைக்குக் கீழே பச்சையாகக் குத்திய ஒரு எண். அதைப் பார்த்த எங்கள் பெண்கள் அவருக்கு அப்போதே நம்பரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். செத்தவர்கள் பதில் சொல்கிறார்கள் என்பதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். நிற்கிறார்கள் என்று தைலி சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு, தங்கள் முகாமிலும் பெரட்டு உண்டு என்று சொன்னார். பனியில் மணிக்கணக்காக நிறுத்துவார்களாம். ராத்திரி செத்தவர்களையும் தூக்கி வந்து வரிசையில் வைத்தால்தான் கணக்கு நேராகுமாம். பெயரைக் கூப்பிடமாட்டார்களாம், எண்ணைத்தான் கூப்பிடுவார்களாம். கொன்றவர்களைத் தேடி நாடு நாடாக முப்பத்தைந்து வருஷம் அலைந்ததாகவும், சிலரைக் கூண்டில் ஏற்றியதாகவும், தங்கள் கொலைகளைக் கேட்ட மன்றங்கள் மற்றவர்கள் கொலையைக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை என்றும் சொன்னார்.

பெரட்டு தொடங்கும் முன்னால் ஒரு காரியம் செய்தார். தைலியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வரிசைக்கு முன்னால் நின்று, ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது அவருடைய அக்காவின் பெயர் என்று புஷ்பராணி மெதுவாகச் சொன்னாள். நாங்கள் நூற்று நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். வரவில்லை. தைலி தங்கையாவைக் கூப்பிட்டாள், தங்கையா பதில் சொன்னான். அப்போது ரிவ்கா அம்மா தைலியைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று மாதமாக நானே தைலியைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. உலகத்து நீதியை எல்லாம் தோளில் சுமந்து வந்த அந்த அம்மாவுக்கும் தைலியைக் கண்டு வயிறு எரிந்தது. அந்தப் பார்வையை மாற்றாமலே அவர் குனிந்து, தங்கையாவின் பெயரைப் புத்தகத்தில் எழுதினார். அடுத்ததையும் எழுதினார். கை நிற்கவில்லை. எரிந்துகொண்டே எழுத முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை.

நான் பட்டியலில் பார்த்துப் பெயரை எடுத்துக் கொடுத்தேன், தைலி கூப்பிட்டாள், செத்தவர்கள் பதில் சொன்னார்கள், நம்பரம்மா எழுதினார், நாணு கிராணியும் போலீஸ்காரரும் சாட்சியாக ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துப் போட்டார்கள். கிழக்கு வெளுத்து, மரங்களின் தலை தெரியத் தொடங்கியபோது, இருநூற்றுப் பதினாறு என்று நாணு கிராணி சொன்னார். புஷ்பராணி, அவ்வளவுதானே, மூடிவிடலாமா என்று கேட்டாள்.

இருமல் கேட்டது.

ரிவ்கா அம்மா பேனாவை மூடவில்லை. இருமுவது யார் என்று கேட்டார். தைலி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. முப்பது முறை எனக்கு டீ வைத்த அதே முகம். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாரிசு இல்லை, காணி இல்லை, மேடையும் அந்த ஒரு பட்டமும்தான் இருந்தன. இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் புத்தகம் மூடிவிடும், லாரியில் குதித்த தோழராகவே நான் சாகலாம், சோலை ஓடிப்போனவனாகவே நின்று இருமிக்கொண்டிருப்பான்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். மேடைக் குரல் வரவில்லை. பழைய கிராணி கூப்பிட்ட மாதிரியே, அப்பன் பெயரை முன்னால் வைத்து, காத்தான் மகன் மருதை என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்."

பதினாறு வயதுக் குரல். அண்ணனுக்காகத் தடிக்க வைத்துக்கொண்ட குரல்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மருதை நான்தான், பதில் சொன்னது என் தம்பி, அவன் எனக்காகச் சொன்னான், நான் புகைக்கூடத்தில் இருந்து கேட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாற்பத்தொரு வருஷம் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது.

பின்னால் நின்ற அதே கிழவர், "அப்ப லாரியில இருந்து குதிக்கலையா?" என்று கேட்டார்.

"குதிக்கல."

யாரும் திட்டவில்லை. என் இரண்டு பக்கமும் நின்றவர்கள் மட்டும், செத்தவர்களுக்கு விடுகிற மாதிரி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தள்ளி நின்றுகொண்டார்கள். செவந்தி முந்தானையைத் தலையில் இருந்து இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். முனுசாமி கீழே பார்த்தான்.

ரிவ்கா அம்மா புஷ்பராணியிடம் நீளமாக ஏதோ கேட்டார். புஷ்பராணி அதைச் சுருக்கி என்னிடம் கேட்டாள்.

"எந்தப் பேர எழுதுறது ஐயா? அவர் போன பேரையா, அவரோட பேரையா? நீங்கதான் சாட்சிங்க முன்னால வாசிக்கணும்."

நான் பட்டியலை எடுத்தேன். கடைசி வரிக்குக் கீழே, நாற்பது வருஷமாக வெறுமையாக விட்டிருந்த இடத்தில், நாணு கிராணியின் பென்சிலை வாங்கி எழுதினேன். பிறகு அதை எழுதியபடியே, கிராணிக்கும் போலீஸ்காரருக்கும், நம்பரம்மாவுக்கும் தைலிக்கும், வரிசையில் நின்றவர்களுக்கும் வரிசையின் சந்துகளில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"இருநூற்றுப் பதினேழு. காத்தான் மகன் சோலை."